டெல்லி டஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. மாமனாருக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். மழைக்காலத்தில் தோட்டத்துக்குப் போகும் மண் ஏற்றத்தில் எங்கள் சின்ன கார் சக்கரம் சுழன்றபடி நின்றுவிடுகிறது. 2016 மாடல் ரெனால்ட் டஸ்டர் ஏடபிள்யூடி (நான்கு சக்கர இழுவை) டீசல், டெல்லிப் பதிவு, 78,000 கி.மீ., நான்கு லட்சத்துக்கு வருகிறது. கர்நாடகப் பதிவு என்றால் ஐந்தேகால் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: டஸ்டர் வாங்கலாம். இந்த டஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

பத்து வயது தாண்டிய டீசல் வண்டி தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. அதனால்தான் அங்கே நல்ல வண்டியும் மலிவாகப் போக ஆரம்பித்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது. ஆனால் வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் ஓடப்போகிறது என்றால் டெல்லியிலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கர்நாடக நம்பருக்கு மாற்றி, வாழ்நாள் வரி கட்டியாக வேண்டும். அந்த வரி நீங்கள் கொடுக்கும் நான்கு லட்சத்துக்கு அல்ல. வண்டியின் அன்றைய புது விலையையும் வயதையும் வைத்துப் போடுவது. அத்துடன் புரோக்கர் கமிஷன், வண்டியைக் கொண்டுவரும் செலவு. எல்லாம் கூட்டினால் ஒன்றேகால் லட்ச வித்தியாசத்தில் பெரிதாக எதுவும் மிஞ்சாது என்றுதான் எனக்குப் படுகிறது. மிஞ்சாவிட்டால் உள்ளூர் வண்டியே மேல். பழைய ஓனரை நேரில் பார்த்துப் பேசலாமே!

எந்த ஊர் வண்டியானாலும் முதலில் குனிந்து டயர்களைப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்று ஓட்டியிருந்தால் முன் பின் சக்கரங்களின் வேகம் ஒத்துப்போகாமல், பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் கப்ளிங் வீணாக உழைத்துச் சூடேறியிருக்கும். அதை மாற்றுவது சின்னச் செலவு இல்லை. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, பின் டிஃபரன்ஷியலில் ஆயில் கசிவு இருக்கிறதா, நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆடுகிறதா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கியர் பக்கத்துத் திருகு குமிழில் மூன்று நிலை உண்டு: டூ வீல், ஆட்டோ, லாக் (நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்). லாக்கில் வைத்து ஓட்டிப் பார்க்க ஈரமண் மேடு தேடுங்கள். காய்ந்த தார் ரோட்டில் அந்தச் சோதனை வேண்டாம்.

1.5 லிட்டர் டீசல் எஞ்சின் உழைப்பாளி. ஆனால் அதில் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட்; காலாகாலத்தில் மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போச்சு. மாற்றிய பில் இல்லையா? அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

இன்னொன்று, வாங்காமலே தீரும் வழியும் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடு. அதற்கு நான்கு சக்கர இழுவை தேவையே இல்லை. சிக்கல் அந்த மண் ஏற்றத்தில் மட்டும்தான் என்றால், இரண்டு லோடு ஜல்லி கொட்டிச் சமன் செய்ய எவ்வளவு ஆகும் என்று மாமனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்படியும் வாங்குவதென்றால், இந்த மாடலில் ஸ்டெப்னி டிக்கிக்குள் இருக்கும். சாமான் இடம் சாதா டஸ்டரைவிடக் குறைவு. ஓட்டிப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். அந்த உயரத்துக்கு அவரால் ஏறி இறங்க முடிகிறதா என்று தெரியட்டும்.