குரலைத் தாழ்த்தத் தொண்டையை அழுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. அலுவலகக் கூட்டங்களில் பேச எழுந்தாலே குரல் மெலிந்து, கீச்சென்று உயர்ந்துவிடுகிறது. சில மாதங்களாகக் குரலை வலிந்து தாழ்த்திப் பேசிப் பழகுகிறேன். மாலையானால் தொண்டை கரகரக்கிறது. குரலை ஆழமாக்க முறையான பயிற்சி உண்டா?

பதில்: உண்டு. ஆனால், இப்போது செய்துவருவதை முதலில் நிறுத்துங்கள். குரலின் சுருதியைக் குரல்நாண்களின் நீளம், கனம், இறுக்கம் ஆகியவை தீர்மானிக்கின்றன. வளர்ந்த ஆண்களுக்கு அது பெரும்பாலும் விநாடிக்கு 85 முதல் 180 அதிர்வுகளுக்குள் அமையும். நீளத்தையும் கனத்தையும் பயிற்சியால் மாற்ற இயலாது. பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகி, கழுத்துத் தசைகள் விறைத்து, குரல்வளை மேலேறுவதால்தான் கூட்டத்தில் உங்கள் குரல் உயர்கிறது. அதை அழுத்திக் கீழிறக்க முயலும்போது ஓர் இறுக்கத்தின்மேல் இன்னோர் இறுக்கத்தை ஏற்றுகிறீர்கள்.

குரல்வளையின்மேல் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், மேலேறும். கொட்டாவி விடுங்கள், கீழிறங்கும். பேசத் தொடங்குமுன் வேண்டியது அந்தக் கொட்டாவியின் தளர்ச்சிதான். அடுத்து, பற்களைச் சற்றே விலக்கி, உதடுகளை மட்டும் மூடிக்கொண்டு, ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே 'ம்ம்' கொட்டுவதுபோல ஒலியெழுப்புங்கள். எவ்வித முயற்சியும் இல்லாமல் வரும் அந்தச் சுருதியே ஏறத்தாழ உங்கள் இயல்பான சுருதி. உதட்டிலும் மூக்கின் மேற்பகுதியிலும் அதிர்வு உணரப்பட்டால் ஒலி சரியான இடத்தில் இருக்கிறது. தொண்டையில் உரசல் தெரிந்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். அதே சுருதியிலிருந்து 'ம்ம்… மணி', 'ம்ம்… மாலையில் பேசலாம்' என்று சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் நகருங்கள். ஒரே தடவையில் நெடுநேரம் பயில்வதைவிட, நாளில் பலமுறை சில நிமிடங்கள் பயில்வது மேல்.

என் அனுபவத்தில், நம்பிக்கையற்ற குரல் என்று கேட்பவர் உணர்வது பெரும்பாலும் சுருதியை அல்ல, வாக்கியத்தின் முடிவைத்தான். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், மூச்சு தீர்ந்து குரல் தேயும்போது 'முடியும்' என்றீர்களா, 'முடியாது' என்றீர்களா என்பதே கேட்பவருக்குத் தெளிவதில்லை. மூச்சு மீதமிருக்கும்போதே வாக்கியத்தை முடியுங்கள். கடைசிச் சொல்லைக் கேள்விபோல உயர்த்தாமல் இறக்கி நிறுத்துங்கள். அடுத்த வாக்கியத்துக்கு முன் வயிறு விரிய மூச்செடுங்கள்.

பயிற்சியைப் பதிவுசெய்து கேளுங்கள். பதிவில் குரல் மெலிந்து ஒலிப்பதைக் கண்டு சோர வேண்டாம்: பேசும்போது மண்டையோட்டு எலும்புகள் வழியாகவும் நம் குரல் காதை எட்டுவதால், நமக்கு அது எப்போதும் கூடுதல் கனத்துடன் கேட்கிறது. குரலைக் கனமாக்கும் என்று விற்கப்படும் பானங்களை நம்பாதீர்கள். விழுங்குவது உணவுக்குழாய்க்குத்தான் போகிறது, குரல்நாண்களுக்கு அல்ல.

அழுத்துவதை நிறுத்தியும் கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பதின்பருவத்தில் உங்கள் குரல் உடையவே இல்லையென்றால் அது வேறு சிக்கல். பேச்சுச் சிகிச்சையாளரின் குரல் பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிவிடும்.