ஏறுபவருக்கா, இறங்குபவருக்கா வழி?

கேள்வி: மவுண்டன் பைக் ஓட்ட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் வண்டி. நான் போவது நடப்பவர்களும் பயன்படுத்தும் ஒற்றையடிப் பாதை, இரண்டு திசையிலும் வண்டி வரும். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து வேகமாக வருபவர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்துகிறார்கள். இறங்கி ஒதுங்கினால் மறுபடி ஏறி மிதிக்க முடிவதில்லை. நடப்பவர்களோ பெல் அடித்தாலும் முறைக்கிறார்கள், அடிக்காவிட்டாலும் முறைக்கிறார்கள். கூட வரும் குழுவில் நான்தான் எப்போதும் கடைசி. நான் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். இதில் எங்கே நான் விட்டுக்கொடுக்க வேண்டும், எங்கே வாய் திறக்க வேண்டும்?

பதில்: ஏற்றத்தில் நடக்கும் தகராறில் நீங்கள்தான் சரி. ஏழு மாதம் ஒதுங்கி ஒதுங்கியே பழகிவிட்டீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு திசையிலும் வண்டி போகும் பாதையில் ஏறுபவருக்குத்தான் வழி. இறங்குபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். இடம் போதாவிட்டால் ஓரமாக நின்று காலை ஊன்ற வேண்டும். அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய சர்வதேச மவுண்டன் பைக் சங்கம், சுருக்கமாக இம்பா, வகுத்த பாதை விதிகளிலும் இதுதான் இருக்கிறது. இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும், சைக்கிளில் போகிறவர் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும். ஒருவழி என்றோ இறக்கத்துக்கு மட்டும் என்றோ பலகை வைத்த பாதைகள்தான் விதிவிலக்கு.

ஏறுபவர் பாவம் என்று இரக்கப்பட்டு வைத்த விதி இல்லை இது. நிற்பதால் யாருக்கு நஷ்டம் அதிகம் என்ற கணக்கு. இறங்குபவர் நின்றால், பிரேக்கை விட்டதும் வண்டி தானாக உருளத் தொடங்கிவிடும். ஐந்து விநாடி போகும், அவ்வளவுதான். ஏறுபவர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பின்சக்கரம் சரளையில் வழுக்கிச் சுற்றும், இல்லாவிட்டால் முன்சக்கரம் தூக்கும். இரண்டாவது காலைப் பெடலில் வைப்பதற்குள் வண்டி சாய்ந்துவிடும். அப்புறம் சமதளம் வரும்வரை உருட்டல்தான். பாதையில் யார் வழிவிடுவது என்று சந்தேகம் வந்தால் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன்: நின்று மறுபடி கிளம்புவது யாருக்குச் சுலபம்? 

கத்துபவர்களின் பக்கம் நியாயமே இல்லையா? கொஞ்சம் உண்டு. பெரிய பாறைகளும் படி படியான வேர்களும் உள்ள செங்குத்து இறக்கத்தில் ஒருவர் பாதி வந்துவிட்டார் என்றால், அங்கே அவரை நிற்க வைப்பதுதான் ஆபத்து. நடுவில் பிரேக்கை அழுத்தினால் தலைகுப்புற விழுவார். அந்த மாதிரி இடத்தின் அடியில் நீங்கள் இருந்தால், அவர் இறங்கி முடிக்கும்வரை காத்திருங்கள். உங்களுக்கு எப்படியும் மூச்சு வாங்க இடம் வேண்டும், உங்கள் பக்கம் அகலமாகவும் இருக்கிறது என்றால், கையைத் தூக்கி "வாங்க வாங்க" என்று விட்டுவிடலாம். அது உங்கள் பெருந்தன்மை, அவருடைய உரிமை ஆகாது. இறக்கத்துக்கு மட்டும் என்று எழுதிய பாதையில் ஏறிப் போய்விட்டு இந்தப் பதிலைக் காட்டி வாதாடாதீர்கள். தவறு அங்கே முழுக்க உங்களுடையது. பாதை தொடங்கும் இடத்துப் பலகையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களிலும் அதைப் படிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

"ஓரம்" என்று கத்துவதில் எனக்கு எரிச்சலான விஷயம் வேறு. பெரும்பாலும் அந்தக் கத்தலுக்கு அர்த்தம் "என்னால் நிற்க முடியாது" என்பதுதான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல். உங்களைப் பார்த்து, விரல் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டாலும், வேகம் குறையத் தொடங்குவதற்கு முன்பே 8 மீட்டர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். தளர்ந்த மண்ணிலும் சரிவிலும் இன்னும் கூடும். ஆக, 10 மீட்டர் தொலைவுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வளைவில் 30-இல் வருகிறவர் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் வருகிறார். மவுண்டன் பைக் பிறந்த இடமாகச் சொல்லப்படும் கலிபோர்னியாவின் மரின் பகுதியிலேயே தீத்தடுப்புச் சாலைகளில் மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. ஆட்களைக் கடக்கும்போதும் மறைவான வளைவிலும் அது 5 மைல். அகலமான மண் சாலைக்கே அந்தக் கணக்கு என்றால் ஒற்றையடிப் பாதையை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிய தூரத்தையும் நேரத்தையும் பதிவுசெய்து மற்றவர்களோடு ஒப்பிடும் ஸ்ட்ராவா செயலி வந்தபின் இது கொஞ்சம் கூடியிருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு துண்டுப் பாதைக்கு யார் குறைந்த நேரம் என்று பட்டியல் போட்டால், எதிரே ஏறி வருகிற நீங்கள் அவருக்கு இரண்டு விநாடியாகத்தான் தெரிவீர்கள். நேரம் பார்த்து ஓட்டுவதில் தவறில்லை. ஆள் இல்லாத விடியற்காலையில் ஓட்டட்டும்.

அந்த இடத்திலேயே திருப்பிக் கத்தினால் பலன் இல்லை. அவருக்குக் காதில் காற்று, உங்களுக்கு மூச்சு இல்லை. "ஏறுறவங்களுக்கு வழிங்க" என்று ஒரே வரி, சாதாரணக் குரலில் சொன்னால் போதும். பேச வேண்டியதைப் பாதை முடியும் இடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியபின் பேசுங்கள். பாதிப் பேருக்கு இந்த விதியே தெரியாது, சொன்னால் வெட்கப்படுவார்கள்.

சரி, அப்படியும் நிற்க நேர்ந்தால் ஏற்றத்தில் மறுபடி கிளம்பும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். நிற்கப்போகிறோம் என்று தெரிந்ததுமே லேசான கியருக்கு மாற்றிவிடுங்கள், நின்றபின் மாறாது. வண்டியை நேராக மேல்நோக்கி வைக்காமல் பாதைக்குக் குறுக்கே சாய்வாக நிறுத்துங்கள். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பலமான காலின் பெடலை உச்சியைச் சற்றே தாண்டிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்து, பிரேக்கை விடுவதும் மிதிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். முதல் மிதியிலேயே அடுத்த கால் பெடலைத் தேடிக்கொள்ளும். முதல் இருபது முறை தோற்றுப்போவீர்கள். இருக்கட்டும்.

நடப்பவர்கள் விஷயத்துக்கு வருவோம். இங்கே கணக்கு வேறு, அது உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. வேகம் உங்களிடம்தான் இருக்கிறது, எனவே வழிவிட வேண்டியவர் நீங்கள். நீங்கள் ஏறினாலும் இறங்கினாலும் இதில் மாற்றம் இல்லை. பெல் அடித்தாலும் முறைக்கிறார்கள் என்றால் நீங்கள் எவ்வளவு தூரத்தில் அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். முதுகுக்கு ஐந்து மீட்டர் பின்னால் வந்து, வேகம் குறையாமல் அடிக்கும் பெல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: நகரு. முப்பது, நாற்பது மீட்டர் முன்னாலேயே ஒருமுறை மெதுவாக அடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, கிட்டே வந்ததும் வாயைத் திறந்து பேசுங்கள். "வணக்கம், பின்னால் சைக்கிள் வருது, அவசரம் இல்லை." மனிதக் குரல் கேட்டதும் தோள் தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். "இடது, இடது" என்று கத்தினால் இடதுபக்கம் போகிறோம் என்று நாம் சொன்னதை, இடதுபக்கம் ஒதுங்கு என்று அவர்கள் எடுத்துக்கொண்டு நேரே நம் சக்கரத்தின் முன் வந்து நிற்பார்கள். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. அதன்பிறகு திசையே சொல்வதில்லை. அவர்கள் நின்று திரும்பிப் பார்த்தபின், நடக்கும் வேகத்தில் கடக்கிறேன். குழந்தைகளும் நாயும் இருந்தால் இறங்கியே போகிறேன். கூட ஆட்கள் வந்தால் "பின்னால இன்னும் மூணு பேர்" என்று முதலில் போகிறவர் சொல்ல வேண்டும், கடைசியில் போகிறவர் "நான்தான் கடைசி" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முதல் வண்டி போனதும் பாதைக்குத் திரும்பி வருபவர் மேல் இரண்டாவது வண்டி மோதும்.

காதில் ஹெட்போன் மாட்டியவருக்கு எந்தப் பெல்லும் கேட்காது. அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, பின்னாலேயே மெதுவாகப் போய் அகலமான இடத்தில் கடக்க வேண்டியதுதான். நாம் காதை அடைத்துக்கொண்டு ஓட்டுவதும், ஸ்பீக்கரில் பாட்டு வைத்து எல்லோருக்கும் கேட்க வைப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

குதிரை வந்தால் இறங்கி நில்லுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் நிற்பது நல்லது, ஏனென்றால் மேலே நிற்கும் உருவம் குதிரைக்குப் பாயப்போகும் மிருகம் மாதிரி தெரியும். சவாரி செய்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். பேசுவது மனிதன் என்று குதிரைக்கும் புரியும்.

இப்போது குழு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த வரி இதுதான், ஏனென்றால் நானும் பல வருடம் கடைசியாக வந்தவன். வேகமானவர்கள் மேலே போய் உட்கார்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். எட்டு நிமிடம் கழித்து நீங்கள் வந்து சேர்ந்ததும் "வந்தாச்சா? போலாமா?" என்று எழுந்துவிடுகிறார்கள். ஒரு நாளில் இப்படி ஐந்து இடம் என்றால், அவர்களுக்கு 40 நிமிடம் ஓய்வு, உங்களுக்குப் பூஜ்யம். ஓய்வு அதிகம் தேவைப்படுபவர் ஒருவர், கிடைப்பது மற்றவர்களுக்கு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காத்திருந்ததையே தங்கள் உதவி என்று நினைக்கிறார்கள்.

இதற்குத் தீர்வு ஒரே ஒரு பழக்கம்: கடைசியாக வந்தவர் "போலாம்" என்று சொன்னால்தான் குழு கிளம்பும். இதைக் கிளம்பும் முன் வண்டிகளைச் சரிபார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். மேலே மூச்சு இரைக்கும்போது சொன்னால் புகார் மாதிரி கேட்கும், கீழே சொன்னால் ஏற்பாடு மாதிரி கேட்கும். கூடவே இன்னொன்று: பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், முன்னால் போகிறவர் தனக்குப் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். எல்லோரும் தனக்கு அடுத்த ஒருவரைப் பார்த்துக்கொண்டால் போதும், யாரும் தொலையமாட்டார்கள். இதற்கும் ஒப்புக்கொள்ளாத குழு என்றால் அது வேகத்துக்கான குழு. அவர்கள் அப்படி இருப்பதிலும் தப்பில்லை, நீங்கள் வேறு ஆட்களைத் தேட வேண்டும்.

உங்கள் தரப்பிலும் கடன் இருக்கிறது. ஐந்து நிமிடம் எடுங்கள், இருபது நிமிடம் எடுக்காதீர்கள். உங்கள் வேகத்தை முன்கூட்டியே உண்மையாகச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய சாமானை நீங்களே சுமந்து வாருங்கள். பஞ்சரானவரை விட, டியூப் இல்லாமல் பஞ்சரானவர்தான் குழுவைச் சோதிப்பார். உங்கள் சக்கரம் 27.5 அங்குலமா 29-ஆ என்று பார்த்து அதற்குரிய டியூப், ரிம் துளைக்குப் பொருந்தும் வால்வு, பம்ப், செயின் அறுந்தால் மாட்டும் இணைப்புக் கண்ணி. அந்தக் கண்ணி 11 கியருக்கு வேறு, 12 கியருக்கு வேறு. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் வண்டிக்கு வண்டி மாறும், எனவே அதை யாரிடமும் கடன் வாங்க முடியாது. ஒன்று பையில் கிடக்கட்டும். யாராவது டியூப் கொடுத்தால் அடுத்த வாரம் புது டியூபாகத் திருப்பிக் கொடுங்கள், ஒட்டுப்போட்டதாக வேண்டாம்.

பழுது பார்க்க நின்றால் வண்டியையும் உங்களையும் பாதையை விட்டு முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். வளைவு திரும்பியதும், அல்லது வண்டி தாவி இறங்கும் இடத்தில் நிற்பவரைப் போல ஆபத்தானவர் இல்லை. வேறு யாராவது நின்றிருந்தால் "எல்லாம் இருக்கா?" என்று கேட்காமல் கடக்காதீர்கள். யாராவது விழுந்து கிடந்தால், முதலில் அவருக்கு மேல்பக்கம் ஒரு வண்டியைக் கண்ணில் படும்படி வைத்து, இறங்கி வருபவர்களை நிறுத்துங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மறைவான அதே வளைவில் அதே ஆட்களோடு திரும்பத் திரும்பப் பிரச்சினை என்றால், சிலர் கோபத்தில் குறுக்கே கட்டையோ கல்லோ போட்டு வேகத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், அது ஒருவரின் கழுத்தை முறிக்கும். பாதையைப் பராமரிப்பவர்களிடம் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். பார்வையை மறைக்கும் புதரை வெட்டுவதும், வளைவுக்கு முன்னால் வேகம் தானாகக் குறையும்படி பாதையை நெளித்துவிடுவதும், இறங்குபவர்களுக்குத் தனிப் பாதை பிரிப்பதும் அவர்கள் செய்யக்கூடியவை. அடுத்து அவர்கள் மண்வெட்டி எடுக்கும் நாளில் நீங்களும் போய் நில்லுங்கள். "ஓரம், ஓரம்" என்று கத்தும் ஆட்களில் ஒருவராவது அங்கே உங்கள் பக்கத்தில் கூடை தூக்கிக்கொண்டு நிற்கலாம்.