அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் 168, எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 8.4. வயது 41. மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரலை எடுத்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அவர். சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறிவிட்டேன். காப்பிக்கு நாட்டுச் சர்க்கரை. அப்படியும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 250 காட்டுகிறது. தட்டில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. உங்களுக்கும் சர்க்கரை உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)
கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு இது பதினோராவது வருடம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதல் மாதத்துப் பயம் அப்படியே திரும்ப வந்தது. மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டுத் தட்டைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம்.

கஞ்சியை முதலில் விடுங்கள். கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிட அதிகம், உண்மைதான். ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கே இருக்கிறது. அதை மாவாக அரைத்து, கரைத்து, காய்ச்சிக் குடித்தால் வயிற்றுக்கு வேலையே இல்லை, விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறிவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். நானும் முதல் ஆறு மாதம் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு, உடம்புக்கு நல்லது செய்வதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

சோறு சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. மத்தியானம் எனக்கு அந்தக் கிண்ணத்தால் ஒரு கிண்ணம் சோறு, அவ்வளவுதான். ஆனால் அது தட்டுக்குக் கடைசியில்தான் வரும். முதலில் பொரியலோ கீரையோ தட்டில் பாதிக்கு. அப்புறம் சுண்டலோ முட்டையோ மீனோ. அதன் பிறகுதான் சோறும் குழம்பும். காய்கறியும் புரதமும் முன்னால் போனால் அதே சோறு மெதுவாக ஏறுகிறது. காலையில் நான்கு இட்லியும் சட்னியும் சாப்பிட்ட ஒரு நாள் எனக்கு 228. இரண்டு இட்லி, நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் பாசிப்பயறு என்று மாற்றியபோது 161. உங்களுக்கு இதே எண்கள் வராது. மீட்டர்தான் கையில் இருக்கிறதே, உங்கள் உடம்பிடமே கேளுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். சாப்பிட்டதும் உட்காராமல் தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். கால் தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் 250 வந்தால் அதோடு எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் எச்பிஏ1சி காட்டுகிறது. அந்த 8.4 கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு. அடுத்த மூன்று மாதக் கணக்கு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது அம்மா விஷயம்.

நானும் மறைத்தவன்தான். ஒரு நாள் தஞ்சாவூரிலிருந்து உங்கள் ஊருக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன். பாபநாசம் தாண்டியதும் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கை நடுங்குகிறது, வாய் குழறுகிறது. கூட வந்த அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை, நெஞ்சுவலி என்று நினைத்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். முன் சீட்டில் இருந்த ஒரு கல்லூரிப் பெண்தான், “அங்கிளுக்கு சுகர் இருக்கா?” என்று கேட்டுத் தன் பையிலிருந்த மாம்பழ ஜூஸைப் பிரித்துக் கொடுத்தாள். அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் அவர் கொடுத்திருப்பார்.

உங்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்றால் சர்க்கரை இப்படித் தாழ்ந்துபோவது அபூர்வம். கூட வேறு மாத்திரை இருக்கிறதா, அது சர்க்கரையைத் தாழ்த்துமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவின் விரலைப் பார்த்தவர் என்பதால் சொல்லவில்லை என்கிறீர்கள். அதனால்தான் சொல்ல வேண்டும் என்கிறேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது என்பதை உங்கள் வீட்டில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ராத்திரி படுக்கப் போகுமுன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள் என்று நான் எழுதினால் நீங்கள் மறந்துவிடுவீர்கள். அவர் மறக்கமாட்டார். அப்புறம், கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தெரியாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவே முடியாது. “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்பவரிடம் தினமும் ஒரு பொய் சொல்லிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

அவர் அழுவார். அழட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். மறுநாள் காலை வாழைத்தண்டு நறுக்க ஆரம்பித்துவிடுவார்.

கண்ணின் விழித்திரையை இன்னும் பரிசோதிக்கவில்லை என்றால் இந்த மாதமே செய்துவிடுங்கள். பார்வை நன்றாக இருந்தாலும் செய்ய வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கவும் மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து வரும் எச்பிஏ1சி எண்ணை எனக்கு எழுதுங்கள், அம்மா என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்.