டிவி திரையில் படியும் நிழல்: கேள்வி பதில்

இருபது ஆண்டுகளாக டிவி பழுதுபார்க்கிறேன். திரையில் நிழல் விழுவது பற்றியும் பெட்டியின் ஆயுள் பற்றியும் நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஓஎல்இடி டிவி வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பா நாள் முழுவதும் செய்திச் சேனல் பார்ப்பார். இப்போது கிரிக்கெட் பார்த்தாலும் மூலையில் அந்தச் சேனலின் சின்னம் மங்கலாகத் தெரிகிறது. துடைத்தும் போகவில்லை.

துடைத்தால் போகாது. அது மேலே ஒட்டிய கறை இல்லை, உள்ளே ஏற்பட்ட தேய்மானம். ஓஎல்இடி திரைக்குப் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒளிர ஒளிர அதிலுள்ள கரிமப் பொருள் தளர்ந்துகொண்டே வரும். நீலம்தான் முதலில் தளரும். கோயில் படிக்கட்டில் எல்லோரும் மிதிக்கும் நடுப்பகுதி மட்டும் குழிந்திருக்குமே, அப்படித்தான் சின்னம் நின்ற இடமும் தேய்ந்திருக்கிறது.

ஓர் உணவகத்தில் இதை நேரில் பார்த்தேன். உரிமையாளர் கேபிள் கோளாறு என்றே நினைத்திருந்தார். முழுத் திரையிலும் சிவப்பு நிறத்தை வரவைத்தேன். கீழே செய்தி ஓடும் பட்டை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அளவெடுத்ததுபோல் இருண்டு கிடந்தது. கேபிளைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருந்ததைக் கண்டு அவர் முகம் வாடிவிட்டது.

வெளிச்சத்தின் அளவு இதில் மிக முக்கியம். கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் 2018இல் ஆறு எல்ஜி ஓஎல்இடி பெட்டிகளை நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்தது. இரண்டில் ஒரே செய்திச் சேனல்தான் ஓடியது. வெளிச்சத்தை முழுவதும் கூட்டிவைத்த பெட்டியில்தான் நிழல் அழுத்தமாக விழுந்தது. அப்பாவின் சேனலை மாற்றச் சொல்ல வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுங்கள்.

கேள்வி: இரவில் டிவியைச் சுவர் சுவிட்சில் அணைத்துவிடுவோம். அது நல்லதுதானே?

ஓஎல்இடி என்றால் தயவுசெய்து உடனே அப்படிச் செய்யாதீர்கள். ரிமோட்டில் அணைத்த பிறகுதான் பெட்டி தன் புள்ளிகளை அளந்து சரிசெய்யும். எல்ஜி பெட்டிகளில் மொத்தம் நான்கு மணி நேரம் ஓடியதும் இந்த வேலை காத்திருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்தால் அது நடக்கவே நடக்காது. நம் வீடுகளில் சிக்கனம் என்று பழகிய இந்தப் பழக்கத்தால் எத்தனையோ நல்ல திரைகள் வீணாவது எனக்கு வேதனையாக இருக்கிறது. இடி மின்னல் நாளில் மட்டும் பிளக்கைப் பிடுங்குங்கள்.

கேள்வி: யூடியூபில் நிறங்கள் மாறி மாறி வரும் வீடியோவை இரவெல்லாம் ஓடவிட்டால் நிழல் போய்விடும் என்கிறார்களே?

சில நிமிடங்களில் தானே மறையும் தற்காலிக நிழலுக்கு அது தேவையில்லை. நிரந்தர நிழலுக்கு அது பயன்படாது. மற்ற புள்ளிகளையும் சேர்த்துத் தேய்க்கும், அவ்வளவுதான்.

கேள்வி: க்யூஎல்இடியும் ஓஎல்இடியும் ஒன்றா?

இல்லை. க்யூஎல்இடி என்று விற்பது பின்விளக்குள்ள எல்சிடிதான், அதன் புள்ளிகள் தாமே ஒளிர்வதில்லை. அதில் இந்தத் தேய்மான நிழல் விழாது.

கேள்வி: எங்கள் எல்இடி டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. திரை போய்விட்டதா?

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். இருட்டறையில் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். உள்ளே படம் மங்கலாக அசைந்தால் திரை நன்றாக இருக்கிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. பின்விளக்குப் பட்டையில் எல்இடி எனும் சிறு விளக்குகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒன்று கருகினால் வரிசையே அணைந்துவிடும். கருகியதை மட்டும் மாற்றினால் அடுத்தது சீக்கிரம் போகும், எல்லாப் பட்டைகளையும் மாற்றச் சொல்லுங்கள். பிறகு பின்விளக்கு அளவைக் குறைத்துவையுங்கள். எல்இடியைக் கொல்வது சூடு.

கேள்வி: ஆயுள் 30,000 மணி நேரம் என்றால் அதன் பிறகு டிவி ஓடாதா?

ஓடும். வெளிச்சம் பாதியாகக் குறையும் காலத்தைத்தான் பொதுவாக ஆயுள் என்கிறார்கள். நாளுக்கு 8 மணி நேரம் பார்த்தால் அது பத்து ஆண்டுகளுக்கு மேல் வரும். என் மேசைக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை அதற்கு வெகுமுன்பே, மின்சாரம் தரும் பவர் போர்டில் மின்னைத் தேக்கும் கெபாசிட்டர் உப்பி வந்தவை.