மூன்று கோளாறுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கடற்படையின் நியூபோர்ட் டார்பிடோ நிலையம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1869 முதல் டார்பிடோவே தொழிலாக இருந்த இடம். அங்கே உருவான மார்க் 14 என்ற நீர்மூழ்கி டார்பிடோ, இரண்டாம் உலகப்போரில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் சொதப்பியதாகச் சொல்கிறார்கள். அத்தனை வருட அனுபவத்துக்கு இது எப்படித் தெரியாமல் போனது? கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து அதன் அடியில் வெடிக்கவைக்கும் காந்த வெடிப்பிதான் காரணமா?

ச.

அன்புள்ள ச.,

காந்த வெடிப்பி ஒரு காரணம்தான். கோளாறுகள் மூன்று. ஒன்றைச் சரிசெய்த பிறகே அடுத்தது வெளியே வந்தது.

முதலாவது ஆழம். மார்க் 14 குறித்த ஆழத்தைவிட ஏறக்குறைய 10 அடி, சில சமயம் அதற்கும் மேல், கீழே ஓடியது. நீரழுத்தத்தை வைத்து ஆழத்தை அறியும் உறுப்பு வால்கூம்பில் இருந்தது. 46 நாட் (மணிக்கு 46 கடல்மைல்) வேகத்தில் ஓடும்போது அங்கே அழுத்தம் குறையும். டார்பிடோ தான் மேலே இருப்பதாக எண்ணி இன்னும் இறங்கும். போதாததற்கு, சோதனைக்குப் பொருத்திய வெடிமுனை, போரில் பொருத்தும் வெடிமுனையைவிட எடை குறைவு. இதையெல்லாம் பிடித்திருக்க வேண்டிய ஆழப் பதிவுக்கருவியும் அதே தவறான இடத்தில்தான் அழுத்தத்தை அளந்தது. இரண்டு கருவிகளும் ஒரே அளவு பொய் சொன்னதால் கணக்கு ஒத்துப்போனது. உங்கள் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இதுதான்.

1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே, அங்கிருந்த அமெரிக்க நீர்மூழ்கிகளின் தளபதி லாக்வுட் ஒரு மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டு அதன் மேல் சுடச்சொன்னார். 10 அடிக்குக் குறித்த டார்பிடோ 25 அடி ஆழத்தில் வலையைக் கிழித்திருந்தது. வலைக்கு ஆகும் செலவு எவ்வளவு இருந்துவிடப்போகிறது!

ஆழம் சரியானதும் காந்த வெடிப்பி முன்கூட்டியே வெடிக்கத் தொடங்கியது. கப்பலின் காந்தப்புலம் நிலநடுக்கோட்டருகே வேறு வடிவில் இருக்கும். இந்த வெடிப்பியை 1926-இல் எல்-8 என்ற பழைய நீர்மூழ்கியின் மேல் இரண்டே முறை சுட்டுப் பார்த்தார்கள். முதலாவது வெடிக்காமல் அடியில் போய்விட்டது. டார்பிடோ ஒன்றுக்கு சுமார் 10,000 டாலர், ஆகவே அதற்குமேல் சுட மனம் வரவில்லை. 1943 ஜூனில் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் அதை முடக்கச் சொன்னார். இனி மோதி வெடிப்பது ஒன்றே வழி.

அப்போதுதான் மூன்றாவது கோளாறு தெரிந்தது. ஜூலை 24 அன்று டினோசா நீர்மூழ்கி டோனான் மாரு 3 என்ற பெரிய எண்ணெய்க்கப்பலை நிறுத்திவிட்டு, சரியாகச் செங்கோணத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சுட்டது. பாடப்புத்தகச் சுடுதல். மொத்தம் 15 டார்பிடோக்கள். 11 மோதியும் வெடிக்கவில்லை. கேப்டன் டாஸ்பிட் மிச்சமிருந்த ஒன்றைச் சோதனைக்காக ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவந்தார்.

அங்கே வெடிமருந்து இல்லாத வெடிமுனைகளை கிரேனில் 90 அடி உயரம் தூக்கி இரும்புத்தகட்டின் மேல் போட்டார்கள். நேராக விழுந்தவற்றில் 10-இல் 7 வேலை செய்யவில்லை. சாய்த்த தகட்டில் தோல்வி பாதியாகக் குறைந்தது. காரணம், மோதியதும் வெடிப்பைத் தூண்டும் வெடியூசி. அது டார்பிடோ போகும் திசைக்குக் குறுக்கே, வழிகாட்டித் தண்டுகளைப் பிடித்து நகர வேண்டும். மோதும்போது வேகம் சட்டென்று அற்றுப்போவதால் கனமான ஊசி தண்டுகளோடு அழுந்தி, உராய்வில் வேகமிழந்துவிடும். 33 நாட் வேகமுள்ள பழைய டார்பிடோவில் இதே அமைப்பு ஒழுங்காக வேலை செய்தது. டாஸ்பிட் எவ்வளவு நேர்த்தியாகச் சுட்டாரோ அவ்வளவுக்குத் தோற்றார்.

மாற்று நியூபோர்ட்டிலிருந்து வரவில்லை. பேர்ல் ஹார்பர் பட்டறையில் லேசான அலுமினியக் கலவையில் ஊசி கடைந்தார்கள். அதற்கு உலோகம், அங்கே வீழ்த்தப்பட்ட ஜப்பானிய விமானங்களின் புரொப்பெல்லர்கள். செப்டம்பர் 30 அன்று பார்ப் நீர்மூழ்கி திருத்திய டார்பிடோக்களோடு கிளம்பியது. பின்னர் ஊசிக்குப் பதிலாக, மோதியதும் குண்டு உருண்டு மின்தொடர்பு கொடுக்கும் சுவிட்ச் வந்தது.