வெள்ளைப் புள்ளியில் அடித்த கேள்வி

கேள்வி: இளமையில் கைநழுவிய காதலை நினைத்து எழுபது வயதிலும் வருந்துகிறவர்கள் உண்டா? அந்த வருத்தம் எப்போதுதான் தீரும்?

உண்டு. எனக்கு 71. தீரவில்லை. ஆனால் எதை நினைத்து வருந்துகிறேன் என்பது மட்டும் வயதோடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1976, மாயவரம். (மயிலாடுதுறை என்று பெயர் மாறியது 1982-ல். எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்றும் மாயவரம்தான்.) பி.எஸ்ஸி. முடித்து வேலை கிடைக்காத பையன்கள் எல்லாரும் எங்கே போவார்களோ அங்கேதான் நானும் போனேன்: டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலை ஏழு முதல் எட்டு. லோயர் பரீட்சைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. நான் ஜன்னலோர ரெமிங்டன் மெஷினில் லோயர். பக்கத்து ஃபாசிட் மெஷினில் அந்தப் பெண், ஹையர். அவர் அடிக்கும் சத்தம் மழை மாதிரி இருக்கும், என்னுடையது ஒழுகல். மாஸ்டர் ஸ்கேலும் கையுமாக முதுகுக்குப் பின்னால் நடப்பார். பேச்சு மூச்சு கூடாது.

அந்தக் கால மெஷின் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ரிப்பனுக்கு ஒரு சின்ன லீவர் இருக்கும், பக்கத்தில் கலர் புள்ளிகள். வெள்ளைப் புள்ளியில் தள்ளிவிட்டால் ரிப்பன் மேலே எழாது. எழுத்து மையில்லாமல் தாளில் குழியாக மட்டும் பதியும். சைக்ளோஸ்டைலில் பிரதிகள் எடுக்க ஸ்டென்சில் தாள் அடிப்பதற்கான வசதி அது. அதற்கு இன்னொரு உபயோகம் கண்டுபிடித்தவர் அவர்தான். பயிற்சித் தாளின் அடியில் மையில்லாமல் நாலு வார்த்தை, ஆங்கில எழுத்தில் தமிழ். என் பேத்தி இப்போது வாட்ஸப்பில் அடிக்கிற அதே பாஷை! கிளம்புகிற அவசரத்தில் தாள்கள் மாறிப்போகும். வெளியே வந்து வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். மாஸ்டர் கண்ணுக்கு அது வெறும் தாள்.

இப்படி ஏழெட்டு மாதம். "நேத்து ஏன் வரல", "அந்த நீலச் சட்டை வேண்டாம்", "எக்ஸாம் ஃபீஸ் கட்டியாச்சா". எங்கள் காதல் இலக்கியம் இவ்வளவுதான். நேருக்கு நேர் நின்று பேசியது மொத்தம் மூன்று தடவை இருந்தால் அதிகம்.

ஐப்பசி முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை, தாளில் இப்படி இருந்தது: "வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. நீங்க வந்து அப்பாகிட்ட பேசுவீங்களா?"

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை கிளாசுக்குப் போகவில்லை. செவ்வாய், புதன் போகவில்லை. அம்மாவிடம் ஜுரம் என்றேன், மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். நடுவில் ஐப்பசிக் கடைசி நாள் காவிரி முழுக்கான கடைமுகம் வேறு. ஊரே துலாக் கட்டத்தில் முழுகிக்கொண்டிருந்தது. நான் போர்வைக்குள் கிடந்தேன். வியாழக்கிழமை போனபோது ஃபாசிட்டில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்து ஏ எஸ் டி எஃப் தட்டிக்கொண்டிருந்தான். தை மாதம் அவருக்குக் கல்யாணம் ஆனதாகப் பின்னால் காதில் விழுந்தது.

காரணம் கேட்டால் சொல்ல நிறைய இருந்தது. சாதி வேறு. எனக்கு வேலையில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு அக்கா. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் இதில் எதையாவது ஒன்றை அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே? "என்னால முடியாதுங்க" என்று இரண்டு வார்த்தை, அதே வெள்ளைப் புள்ளியில் அடித்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? லோயர் வேகத்திலேயே பத்து விநாடி.

முப்பது வயதில் நான் வருந்தியது, அவர் எனக்குக் கிடைக்கவில்லையே என்று. அது ஒருவிதமான சுகமான வருத்தம். சினிமா பாட்டு கேட்டால் போதும், வந்துவிடும். கல்யாணம், பிள்ளைகள், ஆபீஸ் என்று ஆனதும் (அந்த டைப்பிங்தான் எனக்கு அரசாங்க வேலை வாங்கித் தந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்) அது தானாக வற்றிவிட்டது. அறுபதுக்கு மேல் வந்தது வேறு. அந்த மூன்று நாளும் அவர் காலை ஏழு மணிக்கு வந்து, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்திருப்பார் இல்லையா? அந்த நாற்காலிதான் இப்போது எனக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் வருகிறது. அந்தத் தாளை நாலைந்து வருடம் டிக்ஷனரிக்குள் வைத்திருந்தேன். கனத்தில் எழுத்தெல்லாம் மட்டமாகி, கேள்விக்குறியின் புள்ளி குத்திய ஓட்டை மட்டும் மிஞ்சியிருந்தது.

பேஸ்புக்கில் தேடித் தரட்டுமா என்று பேத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன். இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டால் எனக்கு நிம்மதி. அவருக்கு அது என்ன?

மனைவிக்குத் தெரியும். போன கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்குக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். ஐப்பசி முழுக்குக்கு வரக் கிளம்பிய ஒரு முடவன் நடக்கமாட்டாமல் ஒருநாள் தாமதமாக வந்து சேர்ந்தானாம்; அவனுக்கும் அதே பலன் உண்டு என்று ஈசன் அருளினாராம். எங்கள் ஊர்க்கதை. படியில் உட்கார்ந்து, "லேட்டா வந்தவனுக்கும் ஒரு வழி வெச்சிருக்கான் பாரு" என்றேன். எதை நினைத்துச் சொன்னேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவன் முடியாத காலோட கெளம்பி வந்தாங்க. நீங்க கெளம்பவே இல்லையே" என்றாள், புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே.

அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.