அடுக்களைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்தில் 40 பேர் இருக்கிறார்கள். 20 சென்ட் இடம், ஒரு நாட்டு மாடு, கிணறு உண்டு. தற்சார்பாக இயற்கைத் தோட்டம் நடத்தும் இன்னொரு இல்லத்தைப் பார்த்துவரக் கிளம்புகிறோம். அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, நாங்குநேரி

பதில்: ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். அந்த மழையில் நம் பக்கம் எந்தத் தோட்டமும் பச்சையாகத்தான் இருக்கும். சித்திரையில் போய், பாத்தியின் சருகு மூடாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். மண் குளிர்ந்திருக்க வேண்டும்.

பிறகு அடுக்களைக்குப் பின்னால் போங்கள். அரிசி களைந்த தண்ணீர் நேரே பாத்திக்குப் போகலாம். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஜல்லியும் மணலும் போட்ட தொட்டியில் வடிந்து வாழைக்குப் போக வேண்டும். வடிக்காமல் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு மண்ணை அடைத்துவிடும். இல்லங்களில் பெரிய தவறு நடப்பது பினாயில் தண்ணீரில்தான். தரை துடைத்த தண்ணீரும் கழிப்பறை கழுவிய தண்ணீரும் தனிக் குழாயில் பிரிகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். பினாயில் மண்ணின் நுண்ணுயிர்களைக் கொல்லும். அதன்மேல் ஜீவாமிர்தம் (சாணமும் கோமியமும் கலந்து ஊறவைக்கும் நுண்ணுயிர்க் கரைசல்) ஊற்றுவது வீண்.

ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் என்பார்கள். உங்களுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும்: கிணற்றுத் தண்ணீர் 40 லிட்டர், சாணம் 2 கிலோ, கோமியம் 2 லிட்டர், கருப்பட்டி 400 கிராம், கொள்ளு மாவு 400 கிராம், வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் சாக்கு போட்டு மூடி, காலையும் மாலையும் கலக்கினால் 2 நாளில் தயார். இறுக்கி மூடினால் காற்றில்லாமல் அழுகி நாறும். ஒரு வாரத்துக்குள் ஈர மண்ணில் விட்டுவிடுங்கள்.

கீரைக்கு 4 சென்ட் ஒதுக்குங்கள். ஆளுக்கு 100 கிராம் என்றால் தினம் 4 கிலோ வேண்டும். சிறுகீரை நன்றாக வந்தால் சென்ட்டுக்கு 40 கிலோ, அதாவது 10 நாள் சமையலுக்கு ஆகும். 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். ஆகவே 10 நாளுக்கு ஒரு சென்ட்டாக விதையுங்கள். சென்ட்டுக்கு 10 கிராம் விதையைப் பொடி மணலில் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டே கீரை கொடுங்கள்.

பெரியவர்களும் கை வைக்க வேண்டும் என்றால் சில பாத்திகளை இரண்டரை அடி உயரத்தில் கட்டுங்கள். சக்கர நாற்காலி போக 4 அடி நடைபாதை விடுங்கள். ஆனி, ஆடிக் காற்றுக்கு வாழையும் முருங்கையும் முறியும். மேற்கு ஓரத்தில் கிளுவை வேலி நட்டுவிடுங்கள்.

கடைசியாக, போன மாதம் வெளியே என்ன வாங்கினார்கள் என்று கேளுங்கள். விதையும் எருவும் விலைக்கு வந்திருந்தால் அது இன்னும் தற்சார்பு ஆகவில்லை.

கேள்வி: சமையல் கழிவைப் போடும் மட்குக் குழி நாறுகிறது, புழுவும் வருகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஈரம் மிஞ்சிவிட்டது. ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு வாளிக் காய்ந்த சருகு போட்டு, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனையலாம், தண்ணீர் ஒழுகக் கூடாது. மீன், கறி மிச்சத்தைக் குழியில் போடவே வேண்டாம்.